கேஸ் ஃபர்னஸ் எதைப் பார்த்து நெருப்பை நம்புகிறது?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். கனடாவில், டொராண்டோ பக்கத்து பிராம்ப்டனில் போன கோடையில் வாங்கிய வீடு. பேஸ்மென்ட்டில், வீட்டைச் சூடாக்கும் பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய கேஸ் ஃபர்னஸ். இரண்டு நாளாக, முதலில் சின்ன விசிறி ஒன்று சுற்றும் சத்தம் கேட்கிறது, அப்புறம் உள்ளே ஏதோ சிவக்கிறது, நெருப்பு வரிசையாகப் பற்றுகிறது, நாலைந்து நொடியில் ‘டக்’கென்று அணைந்துவிடுகிறது. மூன்று முறை இப்படி ஆன பிறகு ஒரு மணி நேரம் எதுவும் நடப்பதில்லை. எல்லாவற்றையும் நடத்தும் மின்னணுப் பலகையான கன்ட்ரோல் போர்டில் சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டுகிறது. பார்க்க வந்தவர் கன்ட்ரோல் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார். அது சரிதானா, இந்த இயந்திரம் உள்ளே என்னதான் செய்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

டொராண்டோ பக்கம் பதினாறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். நேரில் பார்க்காமல் முடிவாக எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு போர்டைச் சந்தேகிப்பது கடைசியில்தான் வர வேண்டும். அது ஏன் என்று புரிய, ஃபர்னஸின் குணம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். ‘ஏதாவது தப்பு நடக்கிறதா’ என்று அது தேடிக்கொண்டிருப்பதில்லை. ‘எல்லாம் சரியாக இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி காட்டு’ என்று ஒவ்வொரு படியிலும் கேட்கிறது. அத்தாட்சி வரவில்லை என்றால் கேஸ் வராது. உண்மையிலேயே ஆபத்து இருந்தாலும் சரி, ஒரு வயர் கழன்று கிடந்தாலும் சரி, அதற்கு இரண்டும் ஒன்றுதான்.

மின்சாரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். வீட்டின் பிரேக்கர் பெட்டியிலிருந்து 120 வோல்ட் லைன் ஒன்று ஃபர்னஸுக்குத் தனியாக வருகிறது. வழியில், ஃபர்னஸுக்குப் பக்கத்திலோ படிக்கட்டின் மேலேயோ, விளக்கு சுவிட்ச் போலவே ஒரு சுவிட்ச் இருக்கும். விளக்கு என்று நினைத்து யாரோ அதை அணைத்துவிட்டு, வீடு குளிர்ந்த பிறகு என்னைக் கூப்பிட்ட வீடுகள் நிறைய. அதைத் தாண்டினால், சூடான காற்றை வீட்டுக்குள் தள்ளும் பெரிய விசிறியான புளோயர் இருக்கும் அறையின் கதவில் ஒரு சின்ன சுவிட்ச். கதவு சரியாகப் பொருந்தாவிட்டால் அது அழுந்தாது, ஃபர்னஸுக்கு உயிரே வராது. அந்தக் கதவு திறந்திருக்கும்போது புளோயர் ஓடினால், பேஸ்மென்ட்டில் உள்ள காற்றை, அங்கே புகை கசிந்திருந்தால் அதையும் சேர்த்து, இழுத்து வீடு முழுக்கப் பரப்பிவிடும். அதைத் தடுக்கத்தான் அந்த சுவிட்ச். ஃபில்டர் மாற்றிவிட்டுக் கதவைச் சரியாகப் பொருத்தாமல் போவதால் வரும் அழைப்புகளும் உண்டு, அதனால் முதலில் இந்த இரண்டையும் பாருங்கள்.

இந்த 120 வோல்ட்டில் ஓடுபவை பெரிய வேலைக்காரர்கள்: இரண்டு மோட்டார்கள், அதோடு பெரும்பாலான ஃபர்னஸ்களில், நெருப்பைப் பற்றவைக்கும் இக்னைட்டரும். மூளை வேலை எல்லாம் 24 வோல்ட்டில் நடக்கிறது. போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் 120-ஐ 24 ஆகக் குறைக்கிறது. தெர்மோஸ்டாட், பாதுகாப்பு சுவிட்சுகள், கேஸ் வால்வு எல்லாம் இந்த 24 வோல்ட் குடும்பம்தான். போர்டில் காரில் இருப்பது போன்ற தட்டையான ஃபியூஸ் ஒன்று செருகியிருக்கும், 3 ஆம்பியரோ 5 ஆம்பியரோ. ஊதா நிறம் என்றால் 3, வெளிர்பழுப்பு என்றால் 5. மின்சாரத்தை அணைக்காமல் புதிய தெர்மோஸ்டாட் மாட்டுகிறவர்கள் 24 வோல்ட் வரும் சிவப்பு வயரையும் அது திரும்பிப் போகும் சி வயரையும் தெரியாமல் உரசவிட்டால் இந்த ஃபியூஸ் போய்விடும். நாலைந்து டாலர் கூட ஆகாத பொருள் அது. அதற்கே போர்டு மாற்றிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

தெர்மோஸ்டாட் உண்மையில் ஒரு சுவிட்ச்தான். ஆர் என்ற முனையில் 24 வோல்ட் காத்திருக்கிறது. வீடு குளிர்ந்ததும் ஆரையும் டபிள்யூவையும் சேர்த்துவிடுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. போர்டுக்கு அது ஒரு வேண்டுகோள்: சூடு வேண்டும். வேண்டுகோள் வந்தவுடன் போர்டு கேஸைத் திறந்துவிடுவதில்லை.

அது முதலில் பார்ப்பது, சூடு மிஞ்சினால் பிரியும் லிமிட் சுவிட்சும், நெருப்பு வெளியே உருண்டால் பிரியும் ரோல்அவுட் சுவிட்சுகளும் இணைந்திருக்கின்றனவா என்று. அடுத்து பிரஷர் சுவிட்ச். இந்தக் கட்டத்தில் அது இணைந்திருக்கக் கூடாது, பிரிந்திருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பிரஷர் சுவிட்சின் வேலை, புகையை வெளியே தள்ளும் இன்டியூசர் என்ற சின்ன விசிறி நிஜமாகவே இழுக்கிறதா என்று சொல்வது. விசிறி இன்னும் சுற்ற ஆரம்பிக்கவே இல்லை. இப்போதே அந்த சுவிட்ச் ‘ஆம், இழுக்கிறது’ என்றால் அது பொய் சொல்கிறது. உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது யாரோ இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டிருக்கலாம். பொய் சாட்சியை வைத்துக்கொண்டு போர்டு மேலே போகாது. பிரஷர் சுவிட்சில் துண்டு வயர் போட்டுப் பார்த்தும் ஃபர்னஸ் அசையவில்லை என்று சிலர் குழம்புவதற்குக் காரணம் இதுதான்.

பிரிந்திருக்கிறது என்று உறுதியானதும் இன்டியூசர் சுற்றும். நீங்கள் கேட்கும் முதல் சத்தம் அது. நெருப்பின் சூட்டை வீட்டுக்காற்றுக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற உலோகக் குழாய்களின் உள்ளே இருக்கும் பழைய காற்றையும், ஒருவேளை தேங்கியிருக்கும் கேஸையும் இழுத்து வெளியே தள்ளுகிறது. அந்த இழுவையை ஒரு மெல்லிய ரப்பர் குழாய் பிரஷர் சுவிட்சுக்குக் கொண்டுபோகிறது. உள்ளே இருக்கும் சவ்வு நகர்ந்து சுவிட்சை இணைக்கிறது. அதை நகர்த்தும் அழுத்தம் மிகச் சின்னது. அங்குலத் தண்ணீர் என்ற அளவில் சொல்வோம். ஓர் அங்குலத் தண்ணீர் என்றால் சுமார் 249 பாஸ்கல். ஸ்ட்ரா வைத்து இளநீர் குடிக்கும்போது நீங்கள் இழுப்பது இதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால்தான் குழாயில் சின்னக் கீறல் விழுந்தாலோ, ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கினாலோ சுவிட்ச் இணைய மறுக்கிறது.

கனடாவில் இந்த இடத்தில் ஒரு தனிச் சங்கதி உண்டு. இன்றைய ஃபர்னஸ்கள் புகையில் இருக்கும் நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அதிலுள்ள சூட்டையும் எடுத்துக்கொள்கின்றன. 2019 ஜூலைக்குப் பிறகு தயாரிக்கும் வீட்டு ஃபர்னஸுக்கு 95 சதவிகிதத் திறன் வேண்டும் என்பது இங்கே விதி. அது இப்படிச் செய்யாமல் கிடைக்காது. விளைவாக ஃபர்னஸுக்குள் தினமும் லிட்டர் கணக்கில் தண்ணீர் சேர்ந்து ஒரு டியூப் வழியாக வடிகிறது. அந்த வடிகால் அடைத்தால் தண்ணீர் மேலேறி இன்டியூசரின் வழியை மறிக்கும், பிரஷர் சுவிட்ச் பிரியும். புகை போகவும் காற்று வரவும் வெளியே சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் குழாய்களைப் பனி மூடினாலும் இதே கதைதான். பனி கொட்டிய மறுநாள் காலை எனக்கு வரும் அழைப்புகளில் கணிசமானவை இந்தக் குழாய்களால்தான். உங்கள் வீட்டில் இது சிக்கலாக இருக்க வாய்ப்புக் குறைவு. பிரஷர் சுவிட்ச் சம்மதிக்காமல் நெருப்பு வரை போயிருக்கவே முடியாது.

இன்டியூசர் அரை நிமிடம் போலச் சுற்றிய பிறகு இக்னைட்டர் சிவக்கிறது. ஊரில் அம்மா சொல்வார்கள், தீக்குச்சியைக் கிழித்து கையில் வைத்துக்கொண்டு அப்புறம் கேஸைத் திற என்று. ஃபர்னஸும் அந்த ஒழுங்கைத்தான் கடைப்பிடிக்கிறது: முதலில் சூடு, பிறகு கேஸ். இக்னைட்டர் என்பது விரல் நீளத்தில் ஒரு பீங்கான் போன்ற துண்டு. பழையவை சிலிக்கான் கார்பைடு, எளிதில் உடையும். இப்போது வருபவை சிலிக்கான் நைட்ரைடு, கொஞ்சம் உறுதியானவை. மின்சாரம் பாய்ந்ததும் ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும்.

இக்னைட்டர் தயாரானதும்தான் கேஸ் வால்வுக்கு 24 வோல்ட் போகிறது. அந்தப் பெட்டிக்குள் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு அடைப்பான்கள் இருக்கின்றன. இரண்டும் திறந்தால்தான் கேஸ் வரும், ஒன்று மூடினாலே நின்றுவிடும். மின்சாரம் இருக்கும்வரை மட்டும் திறந்திருப்பவை அவை. மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் உடனே மூடிவிடும். இங்கேயும் அதே குணம்தான்: திறந்திருக்கத்தான் காரணம் வேண்டும், மூடுவதற்கு எதுவும் வேண்டாம்.

கேஸ் வருகிறது, இக்னைட்டருக்குப் பக்கத்து பர்னர் பற்றுகிறது, அங்கிருந்து நெருப்பு அடுத்தடுத்த பர்னருக்குத் தாவுகிறது. இப்போது போர்டின் கையில் சில நொடிகள்தான் இருக்கின்றன. மாடலைப் பொறுத்து நான்கிலிருந்து ஏழு. அதற்குள் நெருப்பு இருக்கிறது என்று அத்தாட்சி வர வேண்டும். வராவிட்டால் வால்வை மூடிவிடும். உங்கள் ஃபர்னஸ் தடுக்கி விழுவது சரியாக இந்த இடத்தில்.

அத்தாட்சி தருவது ஃபிளேம் சென்சார். பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ஒரு வெள்ளைப் பீங்கான் பிடியில் செருகிய உலோகக் கம்பி, அவ்வளவே. பெரும்பாலும் இக்னைட்டருக்கு எதிர்க்கோடியில், கடைசி பர்னரின் நெருப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கடைசி பர்னரில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே நெருப்பு வந்துவிட்டால் நடுவில் உள்ள எல்லாம் பற்றிவிட்டன என்று அர்த்தம். பற்றாத பர்னர் ஒன்று கேஸைச் சும்மா விட்டுக்கொண்டிருக்க வாய்ப்பில்லை.

இந்தக் கம்பி சூட்டை அளக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. பைலட் என்ற சின்ன நெருப்பு எப்போதும் எரிந்துகொண்டிருந்த பழைய ஃபர்னஸ்களில் தெர்மோகப்பிள் இருந்தது, அதுதான் சூட்டை நம்பியது. சூட்டில் சுமார் 30 மில்லிவோல்ட் உண்டாக்கி வால்வைப் பிடித்துக்கொண்டிருக்கும். நெருப்பு அணைந்தால் அது ஆறி வால்வை விடுவதற்கு அரை நிமிடத்துக்கு மேல் கூட ஆகும். சின்ன பைலட்டுக்கு அது பரவாயில்லை. நான்கைந்து பெரிய பர்னர்கள் அத்தனை நேரம் நெருப்பில்லாமல் கேஸை ஊற்றினால் வீடு தாங்காது. அதனால் புதிய முறை சூட்டை நம்புவதில்லை, நெருப்பின் வழியாக மின்சாரம் போகிறதா என்று பார்க்கிறது.

ஆம், நெருப்பில் மின்சாரம் பாயும். எரியும் வாயுவில் மின்னேற்றம் பெற்ற அயனிகளும் எலெக்ட்ரான்களும் நிறைந்திருக்கின்றன. போர்டு அந்தக் கம்பிக்கு ஏசி மின்னழுத்தம் கொடுக்கிறது. எதிர்ப்பக்கம் பர்னரின் உலோகம், அது எர்த்தோடு இணைந்தது. ஏசி என்பதால் திசை நொடிக்கு 60 முறை முன்னும் பின்னுமாக மாறி வருகிறது. கம்பி பாசிட்டிவாக இருக்கும் பாதியில், லேசான எலெக்ட்ரான்கள் பாய்ந்து வந்து கம்பியில் சேர்கின்றன, கனமான அயனிகளைப் பிடிக்க பர்னரின் பெரிய பரப்பு இருக்கிறது. மறுபாதியில் அந்தக் கனமான அயனிகளை மெல்லிய கம்பி பிடிக்க வேண்டும். அதற்கு அத்தனை இடம் இல்லை. ஆகவே ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் மிகக் குறைவாகவும் மின்சாரம் போகிறது. கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது ஒரு திசை மின்சாரம், அதாவது டிசி. ஏசியை அனுப்பி டிசியைத் திரும்பப் பெறுகிறது போர்டு. நடுவில் நெருப்பு இருந்தால்தான் அது நடக்கும்.

இந்த யோசனையின் அழகைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கம்பியின் பீங்கான் விரிசல் விட்டு ஈரம் புகுந்து மின்சாரம் நேராக எர்த்துக்குக் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போகத்தான் செய்கிறது, ஆனால் இரண்டு திசையிலும் சமமாகப் போகும். டிசி வராது. போர்டு ‘நெருப்பு இல்லை’ என்று முடிவு கட்டும். வயர் அறுந்துவிட்டதா? எதுவுமே வராது, அப்போதும் ‘நெருப்பு இல்லை’. கம்பி வளைந்து பர்னரைத் தொடுகிறதா? மறுபடியும் ‘நெருப்பு இல்லை’. எந்தப் பழுதும் நெருப்பு இருப்பது போல நடிக்க முடியாத சாட்சி இது. இதை யோசித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது.

ஆனால் அந்த டிசியின் அளவு மிகமிகச் சின்னது. நல்ல நிலையில் உள்ள ஃபர்னஸில் 2-லிருந்து 5 மைக்ரோஆம்ப் வரை பார்ப்பேன். ஒரு மைக்ரோஆம்ப் என்றால் ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அது 1-க்குக் கீழே போக ஆரம்பித்தால் பல போர்டுகள் நம்ப மறுக்கும். இத்தனை சின்ன மின்சாரத்தைத் தடுக்க அதிகம் தேவையில்லை. காற்றில் வரும் தூசி, துணி துவைக்கும் பொடியின் வாசனைப் பொருள், பெயின்ட் ஆவி போன்றவற்றில் இருக்கும் சிலிக்கான் எரிந்து, கம்பியின் மேல் கண்ணாடி போல மெல்லிய படலமாகப் படிகிறது. கண்ணுக்குக் கம்பி சுத்தமாகத் தெரியும். மின்சாரத்துக்கு அது சுவர். எரிப்பதற்கான காற்றை வெளியிலிருந்து எடுக்காமல் பேஸ்மென்ட்டிலிருந்தே எடுக்கும் ஃபர்னஸ் என்றால், பக்கத்தில் வாஷிங் மெஷினும் டிரையரும் இருக்கும்போது இது சீக்கிரம் நடக்கும்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். இன்டியூசர் சுற்றுகிறது, பிரஷர் சுவிட்ச் சம்மதிக்கிறது, இக்னைட்டர் சிவக்கிறது, வால்வு திறக்கிறது, நெருப்பு வருகிறது. இவை அத்தனையும் சரியான வரிசையில் நடத்திக் காட்டியது அந்த போர்டுதான். நெருப்பைக் கண்ணால் பார்க்கிறீர்கள், போர்டால் பார்க்க முடியவில்லை. அதனால் வால்வை மூடுகிறது, இன்டியூசரை ஓடவிட்டு உள்ளே இருப்பதை வெளியேற்றுகிறது, மறுபடி முயல்கிறது. மூன்று முறை தோற்றால் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் ஒரு வாய்ப்புக் கொடுக்கிறது. தன் கடமையை இவ்வளவு ஒழுங்காகச் செய்யும் போர்டைக் குற்றவாளி என்று சொல்வதற்கு முன்னால், அதற்குச் செய்தி சொல்லும் கம்பியைப் பார்க்க வேண்டாமா?

அந்தக் கம்பியை ஒரு ஸ்க்ரூ கழற்றி வெளியே எடுத்து, மெல்லிய எஃகு நாரால் தேய்த்து, துடைத்துத் திரும்ப மாட்ட பத்து நிமிடம் ஆகும். அதற்கு முன்னும் பின்னும் மைக்ரோஆம்ப் அளக்க வேண்டும். சென்சாரின் வயரைக் கழற்றி மீட்டரை நடுவில் தொடராக இணைத்து, நெருப்பு எரியும் அந்த நாலு நொடியில் படிக்க வேண்டும். சுத்தம் செய்த பிறகும் எண் ஏறாவிட்டால் அடுத்த சந்தேகம் எர்த் இணைப்பு. மின்சாரம் திரும்பிப் போகும் பாதை பர்னர் வழியாகத்தான். அங்கே துருவோ தளர்ந்த ஸ்க்ரூவோ இருந்தால் கம்பி புதிதாக இருந்தும் பயனில்லை. வீட்டில் சமீபத்தில் யாராவது வயரிங் வேலை செய்து 120 வோல்ட்டின் லைனையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்திருந்தாலும் இதே அறிகுறி வரும். மோட்டார்கள் நன்றாக ஓடும், நெருப்பை மட்டும் போர்டு அறியாது. இதெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் போர்டு.

நெருப்பு ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டால் அப்புறம் நடப்பது எளிது. அரை நிமிடம் கழித்து, ஹீட் எக்ஸ்சேஞ்சர் சூடானதும், பெரிய புளோயர் ஓட ஆரம்பிக்கும். வீடு சூடானதும் தெர்மோஸ்டாட் பிரியும், கேஸ் மூடும், இன்டியூசர் கொஞ்சம் ஓடி நிற்கும், மிச்சச் சூட்டையும் வீட்டுக்குள் அனுப்பிவிட்டு புளோயர் ஓரிரு நிமிடத்தில் நிற்கும். அந்த நேரத்திலும் போர்டு சென்சாரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. வால்வை மூடச் சொன்ன பிறகும் நெருப்புச் செய்தி வந்தால், வால்வு கசிகிறது என்று எடுத்துக்கொண்டு இன்டியூசரை நிறுத்தாமல் ஓடவிடும்.

ஓடும்போது காவல் இருப்பவை லிமிட்டும் ரோல்அவுட்டும். லிமிட் சுவிட்ச் சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு. புளோயர் தள்ளும் காற்று போதாமல் உள்ளே சூடு ஏறினால் பிரிந்து கேஸை நிறுத்தும், ஆறியதும் தானாகச் சேரும். இதற்கு முதல் காரணம் அழுக்கு ஃபில்டர். இரண்டாவது, செலவு குறையும் என்று நினைத்து ஆள் இல்லாத அறைகளின் காற்றுத் துளைகளை எல்லாம் மூடிவைப்பது. நம்மவர்கள் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். காற்று போக வழியில்லாமல் ஃபர்னஸ் தனக்குள்ளேயே வேகிறது. மிச்சமாகும் காசை விட ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு ஆகும் சேதம் பெரிது. தயவுசெய்து திறந்து வையுங்கள்.

ரோல்அவுட் சுவிட்ச் அப்படித் தானாகச் சேராது. நடுவில் இருக்கும் சின்னப் பொத்தானை ஒருவர் கையால் அழுத்த வேண்டும். நெருப்பு போக வேண்டிய குழாய்க்குள் போகாமல் முன்பக்கமாக வெளியே உருண்டால்தான் அது பிரியும். அது சாதாரணமாக நடக்கவே கூடாத விஷயம். புகைவழி அடைத்திருக்கலாம், ஹீட் எக்ஸ்சேஞ்சர் விரிசல் விட்டிருக்கலாம். நான் வேலை பழகிய முதல் குளிர்காலத்தில் ஸ்கார்பரோவில் ஒரு வீடு. ‘சூடு வருகிறது, ஆனால் ஒரு மாதிரி வாடை’ என்று கூப்பிட்டார்கள். முன்கதவைக் கழற்றியதும் என் மூத்தவர் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். ரோல்அவுட் சுவிட்சின் இரண்டு வயரையும் யாரோ ஒரு துண்டு வயரால் இணைத்திருந்தார்கள். பக்கத்து வயர்களின் உறை கருகியிருந்தது, பர்னர் பெட்டியின் பெயின்ட் பொங்கியிருந்தது. ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரல் நுழையும் பிளவு. மாடியில் இரண்டு சின்னப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் அப்போதே கேஸை மூடி, பாதுகாப்பற்றது என்று சிவப்பு அட்டை கட்டினார். அந்தக் குடும்பம் உறவினர் வீட்டில் இரண்டு இரவு தங்கியது. அந்தத் துண்டு வயரை மாட்டியவர் நல்லது செய்வதாக நினைத்திருக்கலாம். ஆனால் சுவிட்ச் சொன்ன ‘இல்லை’யை அவர் படிக்கவில்லை, வாயைக் கட்டிவிட்டார்.

பிரிந்த சுவிட்ச் எது என்று கண்டுபிடிக்க அந்தத் துண்டு வயர் தேவையே இல்லை. இந்தப் பாதுகாப்பு சுவிட்சுகள் எல்லாம் 24 வோல்ட் பாதையில் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தவை. மீட்டரின் இரண்டு முனையை ஒரு சுவிட்சின் இரண்டு பக்கமும் வைத்தால், இணைந்த சுவிட்சில் 0 காட்டும், பிரிந்த சுவிட்சில் 24 காட்டும். வந்தவர் இதைச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், தவறில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இத்தனை காவல் இருந்தும் வீட்டு ஃபர்னஸ்களில் கார்பன் மோனாக்சைடை நேரடியாக முகரும் சென்சார் வழக்கமாக இருப்பதில்லை. இழுவை இருக்கிறதா, நெருப்பு இருக்கிறதா, சூடு மிஞ்சுகிறதா என்று மூன்றைத்தான் அது அறியும். நெருப்பு மோசமாக எரிந்து, பிளவு வழியாகப் புகை வீட்டுக்காற்றில் கலந்தால், போர்டுக்கு எல்லாம் சரியாகவே தெரியலாம். 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் உட்ஸ்டாக் ஊரில் ஹாக்கின்ஸ் குடும்பத்தில் நான்கு பேரும் இந்த விஷ வாயுவால் இறந்தார்கள். கேஸ் ஃபயர்பிளேஸின் புகைவழி அடைத்திருந்தது, வீட்டில் அலாரம் இல்லை. அவர்கள் உறவினர்கள் விடாமல் முயன்றதால் 2013-இல் ஹாக்கின்ஸ் ஜிக்னாக் சட்டம் நிறைவேறியது. 2014 அக்டோபரிலிருந்து கேஸ் கருவி உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். உங்களுடையது பழைய வீடு என்பதால், இருக்கும் அலாரத்தின் பின்புறம் காலாவதி வருடம் பாருங்கள். அது தாண்டியிருந்தால் பச்சை விளக்கு எரிந்தாலும் நம்பாதீர்கள். அலாரம் அடித்தால் காரணம் தேட வேண்டாம், எல்லோரும் வெளியே வந்து 911. அழுகிய முட்டை வாடை பலமாக வந்தாலும் அப்படித்தான்: எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்துவிட்டு, வெளியிலிருந்து அழையுங்கள்.

சரி, இன்றைக்கு நீங்கள் செய்யக்கூடியது. ஃபில்டரை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள், வெளிச்சம் வரவில்லை என்றால் மாற்றுங்கள். வெளியே இரண்டு குழாயைச் சுற்றியும் பனியை அகற்றுங்கள். புளோயர் கதவில் இருக்கும் சின்னக் கண்ணாடி வழியாகச் சிவப்பு விளக்கு எத்தனை முறை சிமிட்டி நிற்கிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். மின்சாரத்தை அணைத்துப் போடுவதற்கு முன்பே எண்ணுங்கள், ஏனென்றால் சில போர்டுகள் அணைத்தால் மறந்துவிடும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று கதவின் உட்புறத்தில் ஒட்டிய தாளில் இருக்கும். ‘நெருப்பு உறுதியாகவில்லை’ என்ற வகையில் ஏதாவது இருந்தால் நான் மேலே சொன்னதுதான். உள்ளே கை வைக்க வேண்டாம். ஒன்டாரியோவில் கேஸ் கருவியைத் தொட, மாகாணத்தின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்எஸ்ஏ-வின் உரிமம் வேண்டும். அந்த உரிமம் உள்ள வேறு ஒருவரைக் கூப்பிட்டு, வேலை தொடங்கும் முன்பே, ‘ஃபிளேம் சென்சாரில் எத்தனை மைக்ரோஆம்ப் வருகிறது, சுத்தம் செய்த பிறகு எத்தனை வருகிறது, இரண்டையும் பில்லில் எழுதிக் கொடுங்கள்’ என்று கேளுங்கள். முதல் எண் அரைக்குப் பக்கத்திலும் இரண்டாவது 2-க்கு மேலும் இருந்தால் போர்டைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. இரண்டும் குறைவாகவே இருந்தால் எர்த் வயரையும் லைன்-நியூட்ரலையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண்களை இங்கே எழுதுங்கள், அடுத்து என்ன என்று பார்ப்போம்.